உடைந்த முகத்தைப் பாருங்கள்: ஒட்டுச் சோதனைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

பலகைகளை அடுக்கி ஒட்டி உத்தரம் செய்கிற ஆலையின் சோதனைக்கூடத்தில் சேர்ந்திருக்கிறீர்கள். எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதை நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை. வேலை பழகியவர்களே அவசரத்தில் விட்டுவிடுகிற சில விஷயங்களை மட்டும் எழுதுகிறேன். எண் போட்டிருப்பது, எதை ஏற்கவில்லை என்று நீங்கள் சுட்டிக்காட்டிச் சண்டை போட வசதியாக.

1. நீங்கள் உடைக்கிற துண்டு எந்தக் கட்டடத்துக்கும் போகாது. கட்டடத்துக்குப் போகிற உத்தரத்தை நீங்கள் உடைக்கப்போவதில்லை. இந்த முரண்பாட்டின் மேல்தான் நம் வேலையே நிற்கிறது. சோதிப்பது ஒரு மரத்துண்டை அல்ல, அந்த ஷிஃப்டின் வேலையை. ஆகவே துண்டு எங்கிருந்து வந்தது என்பது, அது எத்தனை நியூட்டனுக்கு உடைந்தது என்பதற்குச் சமமாக முக்கியம். எந்த அழுத்தி, உத்தரத்தின் எந்த முனை, எந்தப் பேட்ச் பசை, பசை பூசியதற்கும் அழுத்தம் கொடுத்ததற்கும் இடையில் எத்தனை நிமிடம், பலகைகளின் ஈரப்பதம் என்ன: இவ்வளவும் துண்டோடு வர வேண்டும். ரம்பம் போடுவதற்கு முன்பே எண் எழுதுங்கள், பென்சிலால் எழுதுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் போய் வந்தபின் பல மார்க்கர் எழுத்துகள் மங்கல் கறைதான்.

2. உலர்ந்த நிலையில் நன்றாக ஒட்டியிருப்பதைக் கண்டு மகிழ்ந்துபோகாதீர்கள். ஜெர்மனியில் பவேரியாவின் பாட் ரைசென்ஹால் என்ற ஊரில் ஒரு பனிச்சறுக்கு அரங்கு இருந்தது. 1970களின் தொடக்கத்தில் கட்டியது. 2006 ஜனவரி 2 அன்று பிற்பகல் அதன் கூரை விழுந்து 15 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சிறுவர்களும் இளையவர்களும். கூரையில் பனி இருந்தது உண்மை. ஆனால் அந்தச் சுமை வடிவமைப்பில் கணக்கிட்ட அளவை மீறவில்லை. விசாரித்தபோது காரணம் ஒன்றல்ல, பல என்று தெரிந்தது. அந்தப் பெட்டி வடிவ உத்தரங்களுக்கு 1.20 மீட்டர் உயரம் வரைதான் அனுமதி. அங்கே வைத்தது 2.87 மீட்டர். கட்டமைப்புக் கணக்கை வேறொருவர் முறையாகச் சரிபார்த்ததற்குச் சான்று இல்லை. இவற்றோடு, பயன்படுத்திய பசை யூரியா ஃபார்மால்டிஹைடு. உலர்ந்த அறைக்குள் அது குறைசொல்ல முடியாத பசை. கீழே பனித்தளம், மேலே மரக்கூரை என்றால் ஈரக்காற்று கூரையில் பட்டுப் பனித்துக்கொண்டே இருக்கும். முப்பது வருட ஈரத்தில் அந்த ஒட்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் இழந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு மரம் மரமாகத்தான் தெரிந்தது.

அந்த உத்தரங்கள் ஒட்டிய வாரத்தில் யாராவது ஒரு துண்டை வெட்டி உலர்ந்தபடியே உடைத்துப் பார்த்திருந்தால் தேர்ச்சி என்றுதான் எழுதியிருப்பார். அதனால்தான் நம் சோதனைகளில் பாதி, தண்ணீரை வைத்து நடக்கிறது.

3. ஊரில் பிளைவுட் ஆலையில் இருந்துவிட்டு வந்தவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஐ.எஸ். 710 கடல்தரப் பிளைவுட்டை 72 மணி நேரம் கொதிக்கவைத்து, கத்தியை நுழைத்து அடுக்கைப் பெயர்த்துப் பார்த்திருப்பீர்கள். நல்ல பழக்கம், அந்தக் கை இங்கேயும் உதவும். ஆனால் பிளைவுட்டில் ஒவ்வொரு அடுக்கும் மெல்லிய தோல். கொதிநீர் சுலபமாக உள்ளே போய்விடும். இங்கே 40 மி.மீ. பலகைகள் பத்தோ இருபதோ அடுக்கிய கனம். சும்மா ஊறவைத்தால் தண்ணீர் நடுவுக்கு எட்டவே நாளாகும். அதனால் முதலில் வெற்றிடம் ஏற்படுத்தி மரத்துக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சுகிறோம், பிறகு அழுத்தம் கொடுத்துத் தண்ணீரை உள்ளே தள்ளுகிறோம்.

4. அடுக்குப் பிரிவுச் சோதனையில் ஒட்டைப் பிய்ப்பது தண்ணீர் அல்ல, மரம். இதை முதல் நாளே மனதில் வாங்கிக்கொண்டால் மற்றவை தாமாகப் புரியும். ஊறிய மரம் உப்புகிறது. உலர்த்தும்போது வெளிப்புறம் முதலில் சுருங்குகிறது, உள்ளே இன்னும் ஈரம். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் மரம் சுருங்குவது, வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. ஒரு பலகையின் வளையம் ஒரு வாட்டம், அடுத்ததின் வளையம் வேறு வாட்டம். இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்க முயல்கின்றன, நடுவில் மாட்டிக்கொள்வது ஒட்டு. எந்த இயந்திரமும் கொடுக்க முடியாத நேர்மையான இழுப்பு அது.

ஐரோப்பியத் தரநிலை இ.என். 14080 மூன்று முறைகளைச் சொல்கிறது. நாம் அதிகம் செய்வது ஏ, பி இரண்டும்தான். உத்தரத்தின் முழுக் குறுக்குவெட்டும் வரும்படி, நாரோட்டத் திசையில் 75 மி.மீ. நீளத்துக்குத் துண்டு எடுக்கிறோம். ஏ முறையில் 5 நிமிடம் வெற்றிடம், 1 மணி நேரம் அழுத்தம், மறுபடி அதே இரண்டும், பின்பு 60 முதல் 70 டிகிரியில் 21, 22 மணி நேர உலர்த்தல். இது ஒரு சுற்று. இப்படி இரண்டு சுற்று. பி முறையில் 30 நிமிட வெற்றிடம், 2 மணி நேர அழுத்தம், 65 முதல் 75 டிகிரியில் 10 முதல் 15 மணி நேரம் உலர்த்தல். பி சீக்கிரம் முடியும், ஆனால் கண்ணை எடுக்க முடியாது. ஏன் என்பது அடுத்த எண்ணில்.

5. பி முறையில் கடிகாரத்தை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். துண்டின் எடை தொடக்க எடைக்கு 100 முதல் 110 சதவீதத்துக்குள் திரும்பும்போது உலர்த்தலை நிறுத்த வேண்டும். அதற்கு முன்பே எடுத்தால் மரம் இன்னும் உப்பியிருக்கும். திறக்க வேண்டிய பிளவின் வாய் மூடியே இருக்கும், மோசமான ஒட்டுக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். மிகையாக உலர்த்தினால் நல்ல ஒட்டுக்கும் அநியாயம். எடுத்தபின் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். உள்ளே மிச்சமிருக்கிற ஈரம் வெளியே பரவப் பரவ வாய் மெல்ல மூடத் தொடங்கும். ஒரு மணி நேரத்துக்குள் அளந்து முடிக்க வேண்டும் என்ற விதி அதற்காக வைத்தது. ஒரே நேரத்தில் இருபது துண்டுகளை உலர்த்தியிலிருந்து எடுத்து வரிசையாக அடுக்குகிறவரைப் பார்த்தால், கடைசித் துண்டை அவர் எத்தனை மணிக்கு அளந்தார் என்று கேளுங்கள்.

6. திறந்திருப்பதெல்லாம் பிரிவு அல்ல. லென்ஸை எடுங்கள், 0.08 முதல் 0.10 மி.மீ. கனமுள்ள ஃபீலர் கேஜை எடுங்கள். கேஜ் நுழைகிறதா என்பது முதல் கேள்வி. நுழைந்த இடம் பசைக்கோட்டிலா, அதை ஒட்டிய மரத்திலா என்பது இரண்டாவது. பிளவின் இரு கரையிலும் நார் தெரிந்தால் பிளந்தது மரம். அது ஒட்டின் குற்றம் அல்ல, கணக்கில் சேராது. பசைக்கோட்டில் கணுவோ பிசின் பையோ இருக்கும் இடமும் சேராது. மற்றப் பிரிவுகளிலிருந்து 5 மி.மீ.க்கு மேல் விலகித் தனியாக நிற்கிற, 2.5 மி.மீ.க்கும் குறைந்த திறப்பையும் விட்டுவிடலாம்.

இந்த விலக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் துண்டையும் தேர்ச்சியாக்கிவிட முடியும் என்பதும் எனக்குத் தெரியும். சந்தேகமாக இருந்தால் உளி வைத்து அந்தக் கோட்டிலேயே பிளந்து உள்முகத்தைப் பாருங்கள். நாரா, வெறும் பசையா என்பதை அது மறைக்காது.

7. கணக்கை ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள். 160 மி.மீ. அகலத்தில் பத்துப் பலகை என்றால் ஒன்பது பசைக்கோடு. இரண்டு வெட்டு முகத்திலும் சேர்த்து மொத்த நீளம் 2,880 மி.மீ. ஏ முறையில் இரண்டு சுற்றுக்குப் பின் 5 சதவீதம் வரை அனுமதி. அதாவது 144 மி.மீ. இப்போது எட்டுக் கோடுகள் பழுதில்லாமல் இருக்கின்றன, ஒரே ஒரு கோட்டில் மட்டும் 100 மி.மீ. திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் அது 3.5 சதவீதம்தான், தேறிவிட்டது. ஆனால் அந்தக் கோட்டின் இரு முக நீளம் 320 மி.மீ.; அதில் 100 என்பது 31 சதவீதத்துக்கும் மேல். தனிக்கோட்டுக்கு வரம்பு 30. ஆகவே தோல்வி. உத்தரம் சராசரியில் உடைவதில்லை, அந்த ஒரு கோட்டில்தான் உடையும். தயாரிப்புப் பகுதியிலிருந்து தொலைபேசியில் "மொத்தம் எவ்வளவு வந்தது?" என்று கேட்பார்கள். இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.

8. இரண்டு சுற்றில் 5 சதவீதத்தைத் தாண்டினால் மூன்றாவது சுற்று போட்டு 10 வரை பார்க்கலாம் என்று தரநிலை இடம் தருகிறது. பி முறையில் முதல் சுற்றுக்கு 4, இரண்டாவதற்கு 8. இது சலுகை அல்ல, கூடுதல் விசாரணை. விளிம்பில் கொஞ்சம் திறந்து அங்கேயே நின்றுவிட்டதா, சுற்றுக்குச் சுற்று வளர்கிறதா என்று பார்க்கக் கிடைத்த வாய்ப்பு. அதே உத்தரத்திலிருந்து வேறு துண்டு வெட்டி, தேறும்வரை வெட்டிக்கொண்டே போவது இதில் சேராது. அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

9. வெட்டுவிசைச் சோதனையில் திரை இரண்டு தசமத்தோடு ஓர் எண்ணைக் காட்டும். புதியவர்கள் அதை எழுதிக்கொண்டு, உடைந்த இரண்டு பாதிகளையும் குப்பையில் போட்டுவிடுவார்கள். பாதி முடிவு குப்பைக்குப் போய்விட்டது. 50க்கு 50 மி.மீ. பரப்பில் சதுர மி.மீ.க்கு 6 நியூட்டன் என்றால் 15 கிலோநியூட்டன் தாங்கியிருக்கிறது. சரி, உடைந்தது எது? உடைந்த முகத்தில் எத்தனை பங்கு மரநார் என்பதை ஐந்தின் மடங்காக மதிப்பிட்டு எழுத வேண்டும். சராசரி வலிமை 6 நியூட்டன் என்றால் 90 சதவீதம் நார் வேண்டும். 8 என்றால் 72 போதும். 11 தொட்டுவிட்டால் 45 போதும். தனிக்கோட்டில் ஊசியிலை மரத்துக்கு 4 நியூட்டன்கூட ஏற்கப்படும், ஆனால் நார் முழுதாக 100 இருக்க வேண்டும்.

இந்த அட்டவணை முதலில் விநோதமாகத் தோன்றும், பலம் கூடினால் நார் குறையலாமாம். யோசித்தால் நியாயம் தெரியும். மரம் மெலிந்ததாக இருந்தால் எண் சிறியதாகத்தான் வரும். ஆனால் மரம் கிழிந்து ஒட்டு நின்றது என்றால் ஒட்டைக் குறைசொல்ல இடமில்லை. மரம் வலுவானதாக இருந்தால் அது கிழியும் முன் பசை விடலாம். அதுவரை போதுமான சுமையைத் தாங்கியதா என்பதே கேள்வி. எண்ணும் முகமும் ஒன்றுக்கொன்று சாட்சி.

சுமையை ஏற்றும்போது 20 விநாடிக்கு முன்னால் உடையக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேகம் கூடினால் மரம் கூடுதல் பலம் காட்டும்.

10. இப்போது முகத்தை எப்படிப் படிப்பது. அமெரிக்க ஆய்வாளர் மாரா, ஒட்டை ஒன்பது கண்ணியுள்ள சங்கிலியாக வரைந்தார். நடுவில் பசைப் படலம். அதன் இருபுறமும் படலத்தின் ஓரம். அடுத்து பசையும் மரமும் தொடும் எல்லை. அடுத்து பசை ஊறிய மரம். கடைசியில் இருபுறமும் தொடப்படாத மரம். எந்தக் கண்ணி அறுந்தது என்று கண்டுபிடித்தால், ஆலையில் எந்த மூலைக்கு ஓட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ஒரு முகத்தில் பசை கண்ணாடிபோல் மினுங்குகிறது, எதிர்முகம் பசையே படாத வெறும் மரம் என்றால், அழுத்துவதற்கு முன்பே பசை தோல் கட்டிவிட்டது. பூசியபின் அதிக நேரம் காத்திருந்திருக்கிறார்கள். அல்லது கூடம் அன்று சூடாக இருந்தது. பசைமேல் இழைப்பு இயந்திரத்தின் கத்தி வரிகள் அச்சுப்போல் விழுந்திருந்தாலும் ஏறக்குறைய அதே கதை: பசை எதிர்ப்பலகையைத் தொட்டது, அதற்குள் ஊறவில்லை. இரண்டு முகத்திலும் பசை அரிதாகத்தான் தெரிகிறதா? பசை பட்டினி. பூச்சு குறைவு, அல்லது பசை நீர்த்துப்போய் மரம் குடித்துவிட்டது, அல்லது அழுத்தம் அதிகமாகி ஓரமாக வழிந்துவிட்டது. கனமான, குமிழி நிறைந்த பசை என்றால் பலகை வளைந்திருந்தது அல்லது அழுத்தம் அங்கே எட்டவில்லை. பலகையின் கனத்தை நாலு இடத்தில் அளந்து பாருங்கள்.

இவற்றையெல்லாம் விட ஏமாற்றுவது ஒன்று உண்டு. முகம் முழுவதும் மெல்லிய பஞ்சுபோல் நார் படிந்திருக்கும். நூறு சதவீதம் மரம் என்று எழுதத் தோன்றும். ஆனால் எண்ணைப் பார்த்தால் சிறியது. விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். கீழே பசை உடனே தெரிந்தால், கிழிந்தது மரத்தின் மேல்தோல் மட்டும். இழைப்புக் கத்தி மழுங்கி, வெட்டுவதற்குப் பதில் மரத்தை நசுக்கியிருக்கிறது. நசுங்கிய செல்கள் பசையோடு நன்றாகத்தான் ஒட்டின, மரத்தோடுதான் ஒட்டாமல் போயின. இதைப் பசைப் பேட்சின்மேல் பழிபோட்டு, பீப்பாயைத் திருப்பி அனுப்பிய கதைகள் நிறைய. கத்தி தீட்டின தேதியைக் கேட்டிருந்தால் போதும்.

11. பலகையைப் பற்றியும் கேளுங்கள். ஈரப்பதம் 6 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்; பக்கத்துப் பக்கத்துப் பலகைகளுக்கு இடையே 5 புள்ளிக்கு மேல் வித்தியாசம் கூடாது. இழைத்து 24 மணி நேரத்துக்குள் ஒட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை இழைத்த பலகையைத் திங்கட்கிழமை ஒட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஆசையா? அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், அன்று இழைத்ததன் மேல் ஒரு சொட்டு விடுங்கள், எது சீக்கிரம் பரவுகிறது என்று பாருங்கள். பிசின் மிகுந்த வைரப்பகுதியில் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

12. பசைக்குப் பசை கண் மாற வேண்டும். ஃபீனால் ரிசார்சினால் கருஞ்சிவப்பு. வெளிறிய ஸ்ப்ரூஸ் மேல் குழந்தைகூட அடையாளம் சொல்லும். மெலமைன் யூரியாவும் பாலியூரித்தேனும் வெளிறியவை. சாதாரண வெளிச்சத்தில் நாரையும் பசையையும் பிரிக்கவே முடியாது, ஒரே துண்டுக்கு இருவர் 60 என்றும் 90 என்றும் எழுதுவார்கள். சாய்வான விளக்கு வையுங்கள், தேவையானால் லிக்னினைச் சிவப்பாக்கும் ஃபுளோரோகுளுசினால் சாயம் தடவுங்கள். நார் சிவக்கும், பசை சிவக்காது. ஒருகூறு பாலியூரித்தேன் மரத்தின் ஈரத்தைக் கொண்டுதான் இறுகுகிறது, அதில் வாயு வந்து குமிழி விடுவது இயல்பு. அந்தக் குமிழியைப் பார்த்துப் பதற வேண்டாம். மிக உலர்ந்த பலகையைப் பார்த்துப் பதறுங்கள்.

மாதம் ஒருமுறை பத்துப் பழைய துண்டுகளை எடுத்து, பெயர் மறைத்து, கூடத்தில் எல்லாரும் தனித்தனியாக மதிப்பிடுங்கள். யார் கண் தாராளம், யார் கண் கஞ்சம் என்பது தெரிந்துவிடும்.

13. பழைய கட்டடத்துக்கு உங்களை அழைப்பார்கள். ஓட்டோ ஹெட்சர் ஜெர்மனியின் வைமாரில் வளைந்த ஒட்டுமர உத்தரத்துக்கு 1906இல் காப்புரிமை பெற்றபோது பசை கேசீன், அதாவது பாலிலிருந்து எடுத்தது. ஈரம் எட்டாத கூரைக்குக் கீழே அந்தக் காலத்து உத்தரங்கள் இன்றும் நிற்கின்றன. ஆகவே பசையின் பெயரைக் கேட்டவுடன் தீர்ப்பு எழுத வேண்டாம். ஈரம் எங்கே நுழைந்தது என்று முதலில் தேடுங்கள். கூரை ஒழுகிய கறை, வெயில் அடிக்கும் தென்புற முனை, ஏணி எட்டாத மூலை.

உத்தரத்தின் பக்கவாட்டில் தெரியும் கோடுகளில் பெரும்பாலானவை உலர் வெடிப்புகள். அவை மரத்துக்குள் நாரோட்டத்தோடு அலைந்து போகும். பசைக்கோட்டிலேயே நேராக ஓடுகிற பிளவுதான் கவலைக்குரியது. ஃபீலர் கேஜை விட்டு ஆழத்தை அளந்து, இரண்டு பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். சுத்தியலால் தட்டிக் கேட்பதும் மீயொலிக் கருவியும் திறந்த இடைவெளியைக் காட்டும். தொட்டுக்கொண்டே இருந்து ஒட்டாமல் இருக்கிற கோட்டை இரண்டுமே நல்ல ஒட்டு என்றுதான் சொல்லும். அதற்குப் பசைக்கோடு நடுவில் வரும்படி உருளைத் துண்டு துளைத்தெடுத்து, கூடத்தில் வெட்டுவிசைச் சோதனை செய்வதுதான் வழி. நல்ல இடத்திலும் ஒன்று எடுங்கள், ஒப்பிட ஏதாவது வேண்டும். எங்கே துளைக்கலாம் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் குறித்துத் தராமல் துளைப்பானைக் கையில் எடுக்காதீர்கள். முடித்தபின் அந்த ஓட்டைகளை மர முளையால் அடைப்பீர்கள். அதற்குப் பூசிய பசை எது, எந்தத் தேதி என்பதையும் உத்தரத்தின் வரைபடத்தில் குறித்துவிடுங்கள். முப்பது வருடம் கழித்து வேறொருவர் ஏணி போட்டு ஏறுவார்.